ஒரு நாழிகை முன்னால்

அல்லிக்குளத்தின் பழைய மதகில் வட்டக்கண்ணி என்ற ஆந்தை தன் கணவன் முழியனோடு குடியிருந்தது. மதகு என்றால் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் வழி. அதில் போய்க் குடியிருப்பதும் ஓடைக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பதும் ஒன்றுதான். போன மழைக்குக் குளம் நிரம்பி, மதகுக்குள் வெள்ளம் புகுந்தது. வட்டக்கண்ணி இட்டுவைத்திருந்த இரண்டு முட்டைகளையும் கண்ணெதிரே அடித்துக்கொண்டு போய்விட்டது.

இந்த வருஷம் மறுபடியும் முட்டையிடும் நாள் நெருங்கியது. வானத்தில் மேகமும் கூடத் தொடங்கியது.

"இன்னொரு தடவை என்னால தாங்க முடியாதுய்யா. நாம வேற இடம் பாத்தே ஆகணும்!" என்றது வட்டக்கண்ணி.

குளத்தின் தென்கரையில் ஒரு பெரிய இலுப்பை மரம் நின்றது. அதில் பொந்துகள் மட்டும் நாற்பதுக்குக் குறையாது. எவ்வளவு பெரிய மழை அடித்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. மைனாக்களும் அணில்களும் கிளிகளும் அங்கே சுகமாக வாழ்ந்தன. காலிப் பொந்து கேட்டு வருகிறவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது என்பது அந்தக் காட்டின் சட்டம். எது காலி என்று காட்டிவிடும் பொறுப்பு பவளமூக்கர் என்ற கிளியாரிடம் இருந்தது. பொந்தின் வாயில் இலைக்கொத்து தொங்கினால் உள்ளே ஆள் உண்டு, இல்லாவிட்டால் காலி. இதுதான் அங்கே அடையாளம்.

பவளமூக்கருக்கு நாக்கிலே தேன். அவர் பேச்சைக் கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

வட்டக்கண்ணி போய் நின்று பணிவாகக் கேட்டது. "கிளியண்ணே! நாங்க ரெண்டு பேர்தான் குடும்பம். சீக்கிரமே முட்டை வைக்கப் போறேன். தெக்குப் பாத்த பொந்து ஒண்ணு காலியா இருக்குமா?"

பவளமூக்கர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். எல்லாப் பொந்திலும் இலைக்கொத்து தொங்கியது. அவர் கன்னத்தில் சிறகை வைத்துக்கொண்டார்.

"அடடா! ஒரு நாழிகை முன்னால வந்திருக்கக் கூடாதா, தாயி! இப்பத்தான் ஒருத்தர் வந்து பேசி முடிச்சுட்டுப் போறார்!"

சொல்லிவிட்டு அவர் விட்ட பெருமூச்சைப் பார்த்தால், பொந்து கிடைக்காமல் போனது அவருக்குத்தானோ என்று தோன்றும். வட்டக்கண்ணி அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பியது. வீட்டில் முழியனிடம், "தப்பு நம்ம மேலதான். சோம்பேறித்தனமாக் கிளம்பினா அப்படித்தான்" என்றது.

மறுநாள் ஒரு நாழிகை முன்னதாகக் கிளம்பியது. அன்றும் பவளமூக்கர் கன்னத்தில் சிறகை வைத்தார். "அடடா! ஒரு நாழிகை முன்னால வந்திருக்கக் கூடாதா, தாயி!"

மூன்றாம் நாள் இன்னும் ஒரு நாழிகை முன்னதாகப் போனது. நாலாம் நாள் அதற்கும் முன்னதாக. பாவம், அந்த ஆந்தை தன்னுடைய நேரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்ததே தவிர, கிளியாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழாம் நாள் கிழக்கு வெளுக்கும் முன்பே போய் மரத்தடியில் நின்றது. மரமே உறங்கிக்கொண்டிருந்தது. கிளியாரும் கழுத்தைச் சிறகுக்குள் செருகி உறங்கிக்கொண்டிருந்தார்.

"கிளியண்ணே!" என்று கூப்பிட்டது வட்டக்கண்ணி.

பவளமூக்கர் ஒரு கண்ணைத் திறந்தார். கொட்டாவி விட்டார். கொட்டாவி முடிவதற்குள்ளேயே, "அடடா! ஒரு நாழிகை முன்னால வந்திருக்கக் கூடாதா, தாயி! இப்பத்தான் ஒருத்தர் வந்து பேசி முடிச்சுட்டுப் போறார்!" என்றார். மறுபடி உறங்கிப் போனார்.

வட்டக்கண்ணிக்குச் சுருக்கென்றது. சூரியனே இன்னும் எழவில்லை. கிளியாரோ இப்போதுதான் கண் விழித்தார். அப்படியிருக்க, வந்து பேசி முடித்தது யார்?

அது மதகுக்குத் திரும்பவில்லை. மரத்துக்குப் பின்புறம் போய் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து யோசித்தது.

விடிந்ததும் தலைக்கு மேலே 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. பொன்முதுகி என்ற மரங்கொத்தி வேலையைத் தொடங்கியிருந்தது. அந்த மரத்துப் பொந்துகளில் பாதி, அதன் மூக்கு குடைந்தவைதான். குடைவதோடு சரி, யார் குடிவந்தார்கள் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

"என்ன வட்டக்கண்ணி, பொழுது விடிஞ்சும் தூங்கப் போகலையா?"

வட்டக்கண்ணி நடந்ததைச் சொன்னது. பொன்முதுகி தட்டுவதை நிறுத்தியது.

"ஒரு நாழிகை முன்னாலயா? இதையேதானே போன மாசம் வௌவாலும் சொல்லிச்சு! மரநாயும் சொல்லிச்சு! ரெண்டும் தன் ராசி சரியில்லைன்னு அழுதுக்கிட்டே போச்சு!"

"அதே வார்த்தையா?"

"அட்சரம் பிசகாம! ஆனா எங்கிட்டயோ, மைனாகிட்டயோ அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லையே!"

பொன்முதுகி நேராகத் தெற்குப் பக்கம் பறந்தது. அங்கே இலைக்கொத்து தொங்கிய ஒரு பொந்தின் அருகே தொற்றிக்கொண்டு, மரத்தை இரண்டு தட்டுத் தட்டியது. பொந்துக்குள் புல்லோ பஞ்சோ குஞ்சோ இருந்தால் சத்தம் அமுங்கிக் கேட்கும். அன்றைக்குக் கேட்டது 'டொங்' என்ற கணீர்ச் சத்தம்.

"காலி!" என்றது பொன்முதுகி. அடுத்ததற்குத் தாவியது. "இதுவும் காலி!"

வட்டக்கண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஏழு நாள் கெஞ்சியது. ஏழு நாளும் அந்தப் பொய்யருக்கு நன்றி வேறு சொல்லியது! "இப்பவே போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கப் போறேன்!" என்று சிறகை விரித்தது.

"கேட்டா என்ன சொல்வார் தெரியுமா? 'அடடா, இப்பத்தான் காலியாச்சு, தாயி, எனக்கே தெரியாது' என்பார். பூசி மெழுகிருவார்! இன்னொருத்தருக்கு அவர் என்ன பதில் சொல்றார்னு பாக்கணும். யாரையாவது அனுப்பி உன்னை மாதிரியே கேக்கச் சொல்லுவோம்."

அனுப்புவதற்கு விசிறிக்கொண்டை என்ற கொண்டலாத்தி கிடைத்தது. தலையில் விசிறி போன்ற கொண்டை, உடம்பில் வரிவரியாக அழகு. தன் நிழலைத் தண்ணீரில் பார்க்காமல் அது ஒரு நாளும் குளத்தைத் தாண்டியதில்லை. ஆனால் மனசு நல்ல மனசு. விஷயத்தைக் கேட்டதும், "இவ்வளவுதானே! ஊதித் தள்ளிடறேன்!" என்று கிளம்பியது.

அன்று காலை விசிறிக்கொண்டை போனது. பவளமூக்கர் ஓடோடி வந்து வரவேற்றார். தெற்குப் பார்த்த பொந்தைக் காட்டினார். சாயங்காலம் வட்டக்கண்ணி போனது. "அடடா! ஒரு நாழிகை முன்னால..." என்றார்.

"மாட்டிக்கிட்டீங்களா!" என்று கத்தியது வட்டக்கண்ணி. பொன்முதுகியும் விசிறிக்கொண்டையும் மறைவிலிருந்து வெளியே வந்தன. சத்தம் கேட்டு மைனாக்களும் அணில்களும் எட்டிப் பார்த்தன.

பவளமூக்கர் பதறவே இல்லை. "காலையில காலியா இருந்துச்சு, தாயி. மத்தியானம் ஓர் அணில் வந்து கேட்டுச்சு, கொடுத்துட்டேன், நாளைக்குத்தான் குடிவரும். காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவுல எவ்வளவு நேரம்! அதுவும் போக, இந்தக் கொண்டையார் என்ன சொன்னார் தெரியுமா? தான் ராஜ வம்சம்னார். மரத்துல இருக்கிற பூச்சியை எல்லாம் தானே தின்னு தீர்த்துடறதாச் சொன்னார். அப்படி ஒருத்தருக்கு முதல்ல காட்டறது தப்பா?"

பொன்முதுகி மெல்ல விசிறிக்கொண்டையின் பக்கம் திரும்பியது. "ராஜ வம்சமா?"

விசிறிக்கொண்டை அசடு வழிந்தது. "வாய்ல வந்துடுச்சு. சும்மா ஒரு எடுப்பா இருக்கட்டுமேன்னு..."

மரத்திலிருந்து ஒரே சிரிப்பு. வட்டக்கண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது.

மதகுக்குத் திரும்பியபோது முழியன் சொன்னது: "விட்டுடு, கண்ணு. வேண்டாம்னு நினைக்கிற எடத்துல போய் ஒட்டிக்கிட்டு என்ன வாழ்க்கை? இங்கயே ரெண்டு கல்லை அடுக்கி மேடு பண்ணிக்கலாம்."

"போன வருஷமும் கல்லை அடுக்கினோம். நினைவிருக்கா?"

அந்தக் கற்கள் கூட வெள்ளத்தோடு போனது முழியனுக்கு மறக்கவில்லை.

மறுநாள் பொன்முதுகி வந்தது. அதுவும் நிறைய யோசித்திருந்தது. "தப்பு நம்ம வேலையிலதான். ஒருத்தர் காலையில போனா, ஒருத்தர் சாயங்காலம். ஒருத்தர் ஒண்ணு சொன்னா, இன்னொருத்தர் வேற. அந்த சந்துல அவர் நுழைஞ்சு போயிட்டார். இந்தத் தடவை சந்தே இருக்கக் கூடாது! கேக்கறவர் யாருங்கிறது மட்டும்தான் மாறணும். மத்ததெல்லாம் ஒண்ணா இருக்கணும்!"

மூன்று பேர் போவது என்று முடிவானது. முதலில் நீலச்சிறகி என்ற பனங்காடை. நடுவில் வட்டக்கண்ணி. கடைசியில் விசிறிக்கொண்டை. ஆந்தைக்கு முன்னாலும் பின்னாலும் பொந்து காலி என்று வந்துவிட்டால், நடுவில் மட்டும் எப்படி நிரம்பியது என்று கிளியார்தான் சொல்லியாக வேண்டும். இலுப்பையின் நிழல் ஒரு வேரிலிருந்து அடுத்த வேருக்கு நகர்வதற்குள் மூவரும் போய் வந்துவிட வேண்டும். பொன்முதுகி புழு தேடுகிற சாக்கில் அந்த மரத்திலேயே தொற்றிக்கொண்டு, பொந்துக்குள் யாராவது நுழைகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும்.

பிறகு வசனம். எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் ஒத்திகை நடந்தது. நீலச்சிறகிக்கு உடனே வந்துவிட்டது. விசிறிக்கொண்டைதான் படுத்தியது.

"நாங்க ரெண்டு பேர்தான் குடும்பம். சீக்கிரமே முட்டை வைக்கப் போறோம். தெக்குப் பாத்த பொந்து ஒண்ணு, அதுவும் நல்ல காத்தோட்டமா..."

"காத்தோட்டம் கிடையாது!" என்றது பொன்முதுகி.

"சரி, சரி. தெக்குப் பாத்த பொந்து ஒண்ணு காலியா இருக்குமா, ஐயனே?"

"ஐயனும் கிடையாது! கிளியண்ணே! கிளிப்பிள்ளை மாதிரி சொல்லு!"

"கிளியைப் பிடிக்க நான் கிளியாகணுமா!" என்று அலுத்துக்கொண்டது விசிறிக்கொண்டை. இருந்தாலும் கொண்டையை மடக்கிக்கொண்டு முப்பது தடவை சொல்லிப் பார்த்தது.

பொன்முதுகி கடைசியாக வட்டக்கண்ணியிடம் வந்தது. "உனக்குத்தான் கஷ்டமான வேலை. அவர் பொய் சொல்றார்னு தெரியும். தெரிஞ்சும் நீ சாந்தமா நிக்கணும். முகம் சுளிச்சா போச்சு. 'கோபக்காரி, அதனாலதான் இடம் தரலை'ன்னு சொல்லிருவார். முடியுமா?"

"என் முட்டைக்காக ஒன்பதாவது தடவையும் தலை குனிஞ்சு கேப்பேன். இதுதான் கடைசி!" என்றது வட்டக்கண்ணி.

குறித்த நாள் காலையில் நீலச்சிறகி போய்க் கேட்டது. பவளமூக்கர் முகம் மலர்ந்தார். தெற்குப் பார்த்த பொந்துக்குப் பறந்து, தொங்கிய இலைக்கொத்தை மூக்கால் கவ்வி எடுத்தார்.

"இது ஆள் இருக்கிற கொத்து இல்லீங்க, அம்மணி. சும்மா திருஷ்டிக்குக் கட்டினது! உள்ள வந்து பாருங்க. பக்கத்துலயே இன்னும் ரெண்டு இருக்கு. எது வேணுமோ எடுத்துக்கோங்க!"

"வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வர்றேன்" என்று நீலச்சிறகி விடைபெற்றது. அது பறந்து போனதும் கிளியார் கொத்தை மறுபடி மாட்டினார். இரண்டு கிளை தள்ளி, பொன்முதுகி புழுவே இல்லாத பட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து வட்டக்கண்ணி வந்தது. வார்த்தை பிசகக் கூடாதே என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. "கிளியண்ணே! நாங்க ரெண்டு பேர்தான் குடும்பம். சீக்கிரமே முட்டை வைக்கப் போறோம். தெக்குப் பாத்த பொந்து ஒண்ணு காலியா இருக்குமா?"

பவளமூக்கர் கன்னத்தில் சிறகை வைத்தார். "அடடா! ஒரு நாழிகை முன்னால வந்திருக்கக் கூடாதா, தாயி! இப்பத்தான் ஒருத்தர் வந்து பேசி முடிச்சுட்டுப் போறார்!" அதோடு நிற்காமல், "அன்னிக்கு நீ கத்தினதை எல்லாம் நான் மனசுல வெச்சுக்கலை. உன் முகத்தைப் பாத்தா எனக்கே வயிறு எரியுது. என்ன பண்றது, உன் நேரம் அப்படி!" என்றும் சொன்னார்.

'என் நேரமா!' என்று கத்த வேண்டும் போலிருந்தது வட்டக்கண்ணிக்கு. கிளைக்குள் நகம் இறங்கும்படி அழுத்திக்கொண்டது. அந்த இலைக்கொத்தை ஒரு முறை பார்த்தது.

"சரிங்கண்ணே. ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டுப் பறந்தது. குளத்தின் மறுகரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அதற்கு மூச்சே வந்தது.

நிழல் இன்னும் அடுத்த வேரைத் தொடவில்லை. விசிறிக்கொண்டை வந்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அன்றைக்கே எல்லாரையும் ஏய்த்துவிட்டோம் என்ற மிதப்பில் இருந்த கிளியாருக்குச் சந்தேகமே வரவில்லை. இலைக்கொத்து மறுபடி இறங்கியது. மூன்று பொந்துகளும் வரிசையாகத் திறந்தன.

அந்தக் காட்டில் வழக்குக் கேட்பவர் ஒற்றைக்கொம்பர் என்ற யானை. அமாவாசைக்கு மறுநாள் காலையில் அல்லிக்குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருவார். குடித்து முடித்ததும் வழக்கு. அதற்கு இன்னும் இரண்டே நாள். வழக்கு வரப்போகிறது என்று அணில்கள் மூலமாகக் கிளியாருக்கு எட்டிவிட்டது. அன்று சாயங்காலமே அவர் மதகுக்கு வந்து சேர்ந்தார். தூறல் தொடங்கியிருந்தது. மதகின் கீழ்ப்படியைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது.

"என்ன தாயி, நமக்குள்ள வழக்கா? உனக்கு என்ன வேணும், ஒரு பொந்துதானே? இப்பவே வா. தெக்குப் பாத்ததுதான். இன்னிக்கே குடி வந்துடு! யானை கிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லாதே."

முழியன் ஆவலாகத் தன் மனைவியைப் பார்த்தது. வட்டக்கண்ணி தண்ணீரைப் பார்த்தது. முட்டை இன்றோ நாளையோ என்று இருந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"வௌவாலுக்கும் ஒண்ணு கொடுப்பீங்களா?" என்று கேட்டது.

"அதை எதுக்கு இப்ப இழுக்கறே?"

"மரநாய்க்கு?"

"இதோ பாரு, நீ உன் காரியத்தைப் பாரு, தாயி! கொடுக்கறப்ப வாங்கிக்கணும்!"

"இத்தனை நாள் என் ராசிதான் கெட்டதுன்னு நினைச்சு நானே என்னைத் திட்டிக்கிட்டேன். வௌவாலும் அப்படித்தான் அழுதுச்சு. இப்ப நான் வாயை மூடிக்கிட்டு உள்ள போயிட்டா, நாளைக்கு இன்னொருத்தி வந்து ஒரு நாழிகை, ஒரு நாழிகைன்னு விடியுமுன்னே வந்து நிப்பா. சட்டப்படி வர்ற பொந்து எனக்கு வரட்டும். நீங்க ஒளிச்சுக் கொடுக்கறது வேண்டாம். போயிட்டு வாங்க!"

பவளமூக்கர் போனார். முழியன் எழுந்து, படியோரம் கற்களை அடுக்கத் தொடங்கியது. "ரெண்டு நாள்தானே! நான் தண்ணிக்குக் காவல் இருக்கேன். நீ படு" என்றது. வட்டக்கண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் நாள் காலை யானை வந்தது. குளக்கரை கூட்டத்தால் நிரம்பி வழிந்தது. ஒற்றைக்கொம்பருக்கு நீளமாகப் பேசுவது பிடிக்காது. கேட்பதும் பிடிக்காது. துதிக்கையை உதறிவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

நீலச்சிறகி தான் கேட்டதையும் கிடைத்த பதிலையும் சொன்னது. வட்டக்கண்ணி சொன்னது. விசிறிக்கொண்டை ராஜ வம்சப் பேச்சையே எடுக்காமல் சொன்னது. கடைசியாகப் பொன்முதுகி, "மூணு பேரும் வந்து போற வரைக்கும் நான் மரத்துலயே இருந்தேன். அந்தப் பொந்துக்குள்ள ஈ எறும்பு நுழையலை. இலைக்கொத்து மட்டும் ரெண்டு தடவை இறங்கிச்சு, ரெண்டு தடவை ஏறிச்சு" என்றது.

பவளமூக்கர் முன்னே வந்தார். "ஐயா! இது பெரிய மோசடிங்க! இந்தப் பனங்காடைக்கு ஏற்கெனவே பனையில வீடு இருக்கு. கொண்டலாத்திக்கும் பொந்து தேவையில்லை. வேணும்னு பொய் சொல்லி என்னை மாட்டி விட்டிருக்காங்க! வேஷம் போட்டு வந்தவங்க சாட்சி செல்லுமா?"

யானை காதை ஒருமுறை அசைத்தார். "பொந்து வேணுமா வேண்டாமாங்கிறது அவங்க மனசுல இருக்கு. காலியா இல்லையாங்கிறது மரத்துல இருக்கு. அவங்க மனசைப் பாத்து மரம் மாறுமா? மூணு பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. ரெண்டு பதில் சொன்னது யாரு?"

பவளமூக்கர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "எனக்கு என்னங்க, ஐயா? எனக்கு எல்லாரும் ஒண்ணுதான். மரத்துல குடியிருக்கிறவங்கதான் ஆந்தை வந்தா அபசகுனம், அலறினா வீட்டுக்கு ஆகாதுன்னு பயப்படறாங்க. எலி தின்கிற வீட்ல கவிச்சி அடிக்கும்கிறாங்க. அவங்களுக்காகத்தான்..."

"யார் சொன்னது?" என்று யானை மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

அணில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நாங்க சொல்லலை. எங்களை யாரும் கேக்கவும் இல்லை" என்றது ஓர் அணில். ஒரு கிழட்டு மைனா மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நான் பாத்தேங்க. ஏழு நாளும் இந்தப் பொண்ணு வந்து போனதை மேல இருந்து பாத்தேன். பொந்து காலின்னும் தெரியும். நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்" என்றது. அங்கே இருந்தவர்களில் பலருக்கும் அந்தப் பதில்தான் உள்ளே குத்தியது.

வட்டக்கண்ணி நிமிர்ந்து நின்றது. "ஐயா, நான் அலறினா எலிதான் பயப்படணும். நான் நல்லவளா, கெட்டவளான்னு..."

"அதை நீ நிரூபிக்க வேண்டியதே இல்லை. குணத்தைப் பத்திச் சட்டம் கேக்கலை. காலி இருந்துச்சா, கேட்டாளா, இவ்வளவுதான் வழக்கு" என்றார் யானை. பிறகு கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த வௌவாலைத் துதிக்கையால் காட்டினார். "நீ போய் அவர்கிட்ட ஒரு பொந்து கேளு, பாப்போம்."

வௌவால் நடுங்கிக்கொண்டே, "கிளியண்ணே, பொந்து ஒண்ணு காலியா இருக்குமா?" என்றது.

வருஷக்கணக்கில் பழகிய நாக்கு அல்லவா! வௌவாலின் முகத்தைக் கண்டதும் கிளியாரின் சிறகு தானாகக் கன்னத்துக்குப் போனது. "அடடா! ஒரு நாழிகை முன்னால வந்திருக்கக் கூடாதா, தம்..."

பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் கரை முழுவதும் கொல்லென்று சிரித்தது. யானை கூடச் சிரித்துவிட்டார் என்று சொல்கிறார்கள். துதிக்கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டதால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பொன்முதுகி மரம் முழுவதும் தட்டிப் பார்த்தது. பதினோரு பொந்துகள் 'டொங்' என்றன. பதினோரு இலைக்கொத்துகளையும் பவளமூக்கரே எல்லார் முன்னாலும் கழற்ற வேண்டியதாயிற்று. முதல் பொந்து வட்டக்கண்ணிக்கு. இரண்டாவது வௌவாலுக்கு. மூன்றாவதை மரநாய் இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டது.

"என்னை மரத்தை விட்டுத் துரத்திடுவீங்களா, ஐயா?" என்று கிளியார் கேட்டார். இப்போது குரலில் தேனைக் காணோம்.

"எதுக்கு? உமக்கும் கூடு வேணுமே. உம்ம வேலையும் உம்மகிட்டயே இருக்கட்டும்" என்றார் யானை. "ஆனா ஒண்ணு. இனிமே அப்பப்ப யாராவது ரெண்டு பேர் வருவாங்க. ஒரே வார்த்தையில கேப்பாங்க. நிஜமா வீடு தேடறவங்களா, உம்மைச் சோதிக்க வந்தவங்களான்னு உமக்குத் தெரியாது. ரெண்டு பதில் வந்தா, மறுநாளே நான் வருவேன்."

அன்று மத்தியானமே மழை கொட்டியது. சாயங்காலத்துக்குள் மதகு மூழ்கிப் போனது. இலுப்பை மரத்தின் தெற்குப் பொந்துக்குள் வட்டக்கண்ணி அந்த வருஷத்தின் முதல் முட்டையை இட்டது. முழியன் பொந்தின் வாயில் ஒரு புது இலைக்கொத்தைத் தொங்கவிட்டது. உள்ளே உண்மையிலேயே ஆள் இருந்தது.

விசிறிக்கொண்டைக்கும் தான் பார்த்த பொந்து மனசில் ஒட்டிக்கொண்டது. சும்மா கேட்கப் போனது, நிஜமாகவே மனைவியோடு குடிவந்துவிட்டது. கொண்டலாத்தியின் கூடு எப்படி நாறும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரே மாதத்தில் பக்கத்துப் பொந்துக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்துப் பொந்துக்காரர் வேறு யாருமில்லை, பவளமூக்கர்தான். ஆந்தை வீட்டில் கவிச்சி அடிக்கும் என்றவர், இப்போது மூச்சு வாங்க ஆந்தை வீட்டுப் பக்கம் வந்து உட்காருகிறார்!

வட்டக்கண்ணியின் குஞ்சுகள் பறக்கப் பழகின. அதற்குப் பிறகு ஒரு நாள் குளத்தின் வடகரைப் புளியமரத்தில் இதே கதை நடப்பதாகக் காதில் விழுந்தது. ஒரு நரிக்குடும்பம் வேரடி வளைக்கு அலைந்து அலைந்து, கடைசியில் தன் ராசியைத் திட்டிக்கொண்டிருந்ததாம். வட்டக்கண்ணி அந்த நரியைத் தேடிப் போனது. "உன் ராசியில ஒண்ணுமில்லை, அக்கா. அவங்க உன்கிட்டச் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு. உன்னை மாதிரியே கேக்க இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றது.

சிரித்த முகத்தோடு செய்யும் அநீதியை ஒருவர் மட்டும் தனியாக அனுபவித்தால் அது அவருடைய ராசியாகவே தெரியும். ஒரே கேள்வியோடு பலர் போய்க் கேட்டால்தான் அது அநீதி என்று வெட்டவெளிச்சமாகும்.